தீவகத்துச் சவாரித் திடல்களும் அவற்றின் பொருளியல் அடிப்படையும்

யாழ்ப்பாணத்து நாட்டார் வழக்காறுகளை ஆராய்ந்தோர் கூத்துக்கும் ஒப்பாரிக்கும் சடங்குக்கும் அளித்த கவனத்தில் ஒரு சிறு பங்கையேனும் விளையாட்டுக்கு அளித்தாரல்லர். விளையாட்டு என்பது உழைப்பின் எதிர்மறை, ஓய்வு வேளையின் வெறும் களிப்பு என்னும் எண்ணமே இப்புறக்கணிப்புக்குக் காரணமாகலாம். மேற்கிந்தியத் தீவுகளின் கிறிக்கெற்றை அங்குள்ள வர்க்க, நிறப் பகைமைகளின் பகைப்புலத்தில் வைத்து 1963 இல் சி. எல். ஆர். ஜேம்ஸ் எழுதிய நூலும், பாலித்தீவின் சேவற்போரை அச்சமூகத்தின் தகுதிப் போட்டியாகக் கண்டு 1972 இல் கிளிபோர்ட் கீயர்ற்ஸ் எழுதிய கட்டுரையும் வெளிவந்து நெடுங்காலமாகியும், நம்மிடையே வண்டிற் சவாரி இன்னும் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்துக்குரிய பொருளாகவே இருந்து வருகின்றது.

இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் வினா மிகச் சிறியது. தீவகத்திலும் அதனையடுத்த வலிகாமம் மேற்கிலும் உள்ள மாட்டுவண்டிற் சவாரித் திடல்கள், அங்குள்ள மாடுகளும் மனிதரும் தாங்கக்கூடிய அளவை மிஞ்சிவிட்டனவா? வேலணை, புங்குடுதீவு முதலிய ஊர்களிலும் கடல்நீரேரிக்கு அப்பால் அராலி, வட்டுக்கோட்டைப் பகுதியிலும் சவாரி நிகழ்கின்றது. ஓர் ஊரில் திடல் அமைந்தால் அயலூரும் தனக்கொன்று வேண்டுமென்கிறது. ஒரே பெருநாளில் இரண்டு இடங்களிற் போட்டி வைக்கப்படின் ஓரிடத்தில் மாடு குறைகின்றது, மற்றதிற் சனம் குறைகின்றது. இதனைக் கண்டோர் ‘திடல் கூடிப்போயிற்று’ என்பர். இக்கூற்று முற்றிலும் பிழையன்று. ஆயினும் அது நோயின் குறியை நோயெனக் கொள்கின்றது என்பதே எமது கருத்து.

1

சவாரியின் இயல்பைச் சுருக்கமாக நோக்குவோம். முல்லைக்கலி கூறும் ஏறு தழுவலில் மனிதன் மாட்டுக்கு எதிரே நிற்கின்றான். சவாரியில் மனிதனும் மாடும் ஒரு பக்கத்தில் நின்று, மற்றொரு மனிதனையும் மாட்டையும் எதிர்கொள்கின்றனர். ஆகவே இது வீரத்தினும் உடைமையையும் வளர்ப்பையும் அளந்துகாட்டும் போட்டியாகும். பாரங் குறைந்த வண்டிலில் இரண்டு மாடுகள் பூட்டப்படும். நாணயக் கயிற்றையும் துவரங்கேட்டியையும் பிடித்தவர் அதனைச் செலுத்துவார். மாடுகளைத் தரம் பிரித்து, ஒத்த தரத்தனவற்றை எதிரெதிரே விடுதல் முறை. ஓட்டம் ஒரு நிமிடத்தைத்தானும் எட்டாது. அதற்குரிய ஆயத்தம் ஆண்டு முழுவதும் நிகழும். தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு, பருத்திக்கொட்டை, உழுந்து எனத் தீனி; அதிகாலை நடை; கடலில் நீச்சு; இலாடம்; சோடி பொருத்திப் பழக்குதல். இணையாத இரு சிறந்த மாடுகளைவிட இணைந்த இரு நடுத்தர மாடுகள் முந்தும் என்பது சவாரி அறிந்தோர் யாவரும் ஒப்பும் உண்மை. எனவே இங்கு உற்பத்திப் பொருள் தனி மாடன்று, சோடியே. ஒன்று நொண்டினால் மற்றதன் மதிப்பும் வீழ்கின்றது.

திடலுக்கு வேண்டுவன மிகச் சில. சில நூறு மீற்றர் நீளமுள்ள நேர்வெளி, அதன் முடிவில் மாடு ஓய்ந்து நிற்கப் போதிய இடம், கல் பொறுக்கிய இறுகிய மண். தீவகத்தில் இத்தகைய வெளிக்கு இயற்கையாகவே குறைவில்லை. சுண்ணக்கல்லின்மேற் படிந்த மெல்லிய மண், ஆறு இன்மை, ஐப்பசி முதல் மார்கழி வரையான மழையை நம்பிய ஒருபோக நெல், எஞ்சிய மாதங்களில் உவர் பூத்த தரவை என்பதே இத்தீவுகளின் நில அமைப்பு. மழை ஓய்ந்து, நெல் அறுத்து, தரவை இறுகியபின் மாடு வேலையின்றி நிற்கும் காலமே சவாரிக் காலம். தைப்பொங்கலும் பட்டிப்பொங்கலும் சித்திரை வருடப்பிறப்பும் இக்காலத்துள் அமைவது தற்செயலன்று. உழைப்பின் நாட்காட்டியே விளையாட்டின் நாட்காட்டியையும் வகுத்தது.

2

தீவகத்தில் விலங்குக்கும் அதிகாரத்துக்கும் உள்ள தொடர்பு நீண்டது. வினாவிலிருந்து சற்று விலகுவதாயினும் இதனைச் சுட்டாது செல்ல இயலாது. ஊர்காவற்றுறைக்கு ஐரோப்பியர் வழங்கும் கயிற்ஸ் என்னும் பெயரே போர்த்துக்கேய மொழியில் யானைத்துறையைக் குறிக்கும் தொடரிலிருந்து பிறந்தது. வன்னியிற் பிடிக்கப்பட்ட யானைகள் ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆண்டுதோறும் விற்கப்பட்டுக் கடல் கடந்தன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயரை இத்தீவுகளுக்கு இட்டனர்: வேலணைத்தீவு லைடன், காரைநகர் அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு றொட்டடாம், புங்குடுதீவு மிடில்பேர்க். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ப்ற் மாத்திரமே இன்றும் அரச வழக்கில் நிலைத்து நிற்கின்றது. அந்நெடுந்தீவிற் போர்த்துக்கேயர் தொடக்கிய குதிரை வளர்ப்பினை ஒல்லாந்தர் தொடர்ந்தனர். பிரித்தானிய ஆட்சியின் முற்பகுதியிலும் நோலன் என்னும் இராணுவ அதிகாரியின் மேற்பார்வையில் அது நடைபெற்றது. ஆட்சியாளருக்குப் பயன் தீர்ந்ததும் குதிரைகள் தரவையிற் கைவிடப்பட்டன. அவற்றின் வழிவந்தவை இன்றும் நெடுந்தீவின் தென்பகுதியில் மேய்வதைக் காணலாம். இலாயத்தின் கற்றூண்களும் எஞ்சியுள்ளன.

ஒரு முரண் இவ்விடத்தில் நோக்கற்பாலது. தலைமுறை தலைமுறையாகக் குதிரை வளர்த்த தீவின் மக்கள் குதிரைப் பந்தயத்தைத் தம் விளையாட்டாகக் கொண்டாரல்லர். குதிரை கும்பனியின் உடைமை; மக்கள் அதற்குப் புல்லும் நீரும் உழைப்பும் கொடுத்தவரேயாவர். தீவகத்தான் பந்தயத்துக்குப் பூட்டியது தன் வயலை உழுத மாட்டையே. கொழும்பிலோ நிலைமை வேறு. கறுவாத்தோட்டத்துக் குதிரைப் பந்தயத் திடல் தோட்டத்துரைமாரதும் அவரைப் பின்பற்றிய உள்ளூர்ச் செல்வரதும் களமாய் விளங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது விமான இறங்குதளமாகவும் பயன்பட்டு, ஐம்பதுகளில் பந்தயம் ஓய்ந்தபின் பிற பயன்களுக்கு அந்நிலம் மாறிற்று. சூதுப்பணத்தின்மேல் எழுந்த திடல் அப்பணம் தடைப்பட்டதும் வீழ்ந்தது. சவாரித் திடல் அவ்வாறன்று. தனிப்பட்டோரிடையே பந்தயப் பணம் கைமாறுவதுண்டெனினும், நுழைவுச்சீட்டோ அரசுக்கு வரி தரும் சூதாட்டச் சாவடியோ அதற்கு அடிப்படையாக இருந்ததில்லை. அப்படியாயின் அதனை இதுவரை தாங்கிய பொருளியல் யாது?

3

விடை, உழவு என்பதாகும்.

சவாரி மாடு வானத்திலிருந்து இறங்கிய தனியினமன்று. தென்னிந்தியாவிலிருந்து கடல்வழி வந்து ‘வடக்கன்’ எனப் பெயர் பெற்ற மாடுகளும், அவற்றோடு கலந்தும் கலவாதும் வந்த நாட்டு மாடுகளும் யாழ்ப்பாணத்தில் உழுதன, எரு தந்தன, புகையிலைச் சிப்பமும் பனங்கிழங்கும் கிடுகும் சுமந்தன. திருக்கல் வண்டிலிற் பெண்டிர் பிள்ளைகளைக் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் கொண்டு சென்றன. இத்தகைய பல மாடுகளுள், நடையிற் கெட்டித்தனம் காட்டிய ஒன்று சவாரிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. பத்து நாம்பன் கன்றுகள் வளர்ந்தால் ஒன்று சவாரிக்கு உதவும் எனக் கொள்வோம். எஞ்சிய ஒன்பதும் வீணாகவில்லை. அவை கலப்பைக்கும் பார வண்டிலுக்கும் சென்றன. அவற்றை வளர்த்த செலவை உழவும் சுமையும் ஈடுசெய்தன. வேறு சொற்களிற் கூறின், சவாரிக்காரன் தன் ஒரு மாட்டுக்கு மாத்திரமே விலை கொடுத்தான். அந்த ஒன்றைத் தெரிவதற்கு இன்றியமையாத ஒன்பதின் செலவையும் கமத்தொழில் ஏற்றுக்கொண்டது. எந்தக் கணக்கிலும் எழுதப்படாத இம்மானியமே சவாரியின் உண்மையான மூலதனம்.

உழவு இயந்திரம் வந்தது. பின்னர் கையால் இயக்கும் இரு சில்லு உழவு இயந்திரமும் வந்தது. சிறு துண்டு நிலங்களைக்கொண்ட தீவக வயலுக்கும் அது பொருந்திற்று. பாரத்தை லொறியும் பின்னர் முச்சில்லு வாகனமும் ஏற்றின. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கண்ட யாழ்ப்பாணக் கமக்காரர், ஈட்டிய பணத்தில் நீரிறைக்கும் இயந்திரமும் உழவு இயந்திரமும் வாங்கினர். சவாரிச் சோடி வாங்கினவரும் அவருள் இருந்திருப்பர் என ஊகிப்பதிற் பிழையில்லை. ஒரே பணம் ஒரு கையாற் சவாரி மாட்டுக்குப் பிண்ணாக்கு வைத்து, மறு கையால் அதன் தாய்ப்பட்டியைக் கலைத்தது எனலாம். இயங்கியல் அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது.

தொழிலிழந்த நாம்பன் கன்றின் கதி யாது? பாலுக்காக யேர்சி முதலிய இனங்களின் விந்தினைச் செயற்கைமுறையிற் செலுத்தி வளர்க்கும் கொள்கை, பசுவின் மடியை நோக்கியதாகும். அவ்வழிப் பிறக்கும் ஆண் கன்று ஓட்டத்துக்கும் உதவாது, உழவும் இல்லை. அது இறைச்சிக்கடைக்கே செல்கின்றது. 1990–91 இல் தீவகம் இராணுவ நடவடிக்கைகளால் மக்களற்றுப் போனபோது பட்டிகள் அவிழ்த்து விடப்பட்டுக் கட்டாக்காலிகளாயின. மக்கள் மீண்டபோது அவர்க்கு எஞ்சிய உடைமை அதுவே. இன்றோ கட்டாக்காலி மாட்டைக் களவாகப் பிடித்து இறைச்சியாக்குதல் தீவகத்தின் ஓயாத முறைப்பாடுகளுள் ஒன்று. குறிசுட்ட மாட்டையும் குறியோடு தோல் உரித்துவிடுகின்றனர் என்பர் ஊரவர். இத்தகைய சூழலில் ஒரு கன்றினை மூன்றாண்டு வளர்த்து, அது ஓடுமா ஓடாதா எனக் காத்திருக்க எவர் துணிவார்?

4

இப்பொழுது திடல்களின் எண்ணிக்கைக்கு வருவோம். விளக்கத்துக்காக மாத்திரம் ஓர் எளிய கணக்கினை அமைக்கலாம். இது எடுகோளேயன்றி அளந்தறிந்த தரவன்று. ஒரு நாட் போட்டிக்கு ஐந்து தரம், தரத்துக்கு நான்கு சோடி என இருபது சோடி வேண்டும். ஒரு சோடி இரு வாரத்துக்கு ஒரு முறைக்குமேல் ஓடலாகாது. வட்டாரத்தில் நாற்பது சோடி உண்டு. இந்நிலையில் வாரத்துக்கு ஒரு போட்டியைக் குறைவின்றி நடத்தலாம். சவாரிக் காலம் இருபத்துநான்கு வாரமாயின் ஆறு திடல்கள் தலைக்கு நான்கு போட்டிகளை வைக்க முடியும். ஆறு என்பது மிகையன்று. ஆனால் ஆறும் சித்திரை வருடப்பிறப்பன்றே தமக்குப் போட்டி வேண்டுமெனின், ஆறில் இரண்டே நிறைவாக நடைபெறும்; நான்கில் வெறுவெளி மிஞ்சும். அன்றைக்கு மாத்திரம் பார்ப்பவர் திடல் மிகையென்பர்.

வேறொரு காரணியும் உண்டு. மாடு தன் காலால் நடந்து திடலுக்குச் சென்ற காலத்தில், காலையிற் புறப்பட்டு ஓடி மாலையில் மீளக்கூடிய தூரமே ஒரு திடலின் எல்லை. அக்காலத்தில் ஊருக்கொரு திடல் இருந்ததெனின் அது இயல்பானதே; அவை ஒன்றோடொன்று போட்டியிடவில்லை. பண்ணைத் தாம்போதியும் வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடைப்பட்ட வாணர் தாம்போதியும் காரைநகரைப் பொன்னாலையோடு இணைக்கும் தாம்போதியும் கடலைக் குறுக்கின. சிறு லொறி தூரத்தைக் குறுக்கிற்று. வட்டுக்கோட்டைச் சோடி காலையில் ஏற்றப்பட்டுப் புங்குடுதீவில் ஓடி இரவுக்குள் வீடு திரும்பும். கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்தும் சோடிகள் வருதல் இயலும். இதன் விளைவாக ஊருக்குரிய பல சிறு மந்தைகள் கரைந்து, வட்டாரம் முழுவதற்குமான ஒரே மந்தையாயின. திடல்களோ பழைய ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டன. மாட்டின் சந்தை விரிந்தது. திடலின் உரிமை விரியவில்லை.

இங்கிலாந்தின் குதிரைப் பந்தய வரலாறு இதற்கு ஒத்த சான்று தருகின்றது. புகையிரதம் குதிரையையும் சனத்தையும் நெடுந்தூரம் கொண்டுசெல்லத் தொடங்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஊர்ப் பொதுவெளியில் ஆண்டுக்கொருமுறை நடந்த சிறு பந்தயங்கள் பல அருகின. 1875 இல் திறக்கப்பட்ட சண்டவுண் பார்க் போன்ற, சுற்றி அடைத்து நுழைவுக் கட்டணம் அறவிடும் பெருந்திடல்கள் அவ்விடத்தைப் பிடித்தன. அமெரிக்கச் சிற்றூர்களிற் சனி இரவுகளில் நடைபெறும் மோட்டார் ஓட்டத் திடல்கள் பற்றியும், ஒரே சில ஓட்டிகளைப் பல திடல்கள் பங்கிட முயலுகின்றன என்னும் முறைப்பாடு கேட்கப்படுவதுண்டு. எனினும் இவ்வொப்புமையை நெடுந்தூரம் இழுத்தல் ஆகாது. அங்கு திடல் ஒரு முதலீடு; இலாபம் தராவிடின் மூடப்படும். தீவகத்துத் திடல் இலாபத்துக்காக எழுந்ததன்று. ஆகவே அது நட்டத்தால் மூடப்படுவதுமில்லை. வெறுமையாகவே ஆண்டுக்கணக்கில் நிற்க வல்லது.

கடலால் இன்னும் பிரிக்கப்பட்டுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு என்பவற்றுக்கு இக்கணக்குப் பொருந்தாது. குறிகட்டுவானிலிருந்து படகிற் சவாரி மாட்டை ஏற்றுதல் ஆபத்தும் செலவும் நிறைந்தது. கடலிற் கலங்கிய மாடு மறுநாள் ஓடுவதும் அரிது. நெடுந்தீவிற் போட்டி நிகழ்த்தப்படின் அது அத்தீவின் மாடுகளுக்கேயுரியதாகும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அத்தீவின் மக்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. அங்கு ஒரு திடலே போதும். ஆனால் அந்த ஒன்றை மூடினால் அங்குள்ளவர்க்கு மாற்றிடமே இல்லை. வேலணையில் ஒரு திடலை மூடினால் மாடு அடுத்த திடலுக்குச் செல்லும். எண்ணிக்கை ஒன்றை மாத்திரம் வைத்து முடிவு செய்வோர் இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை.

5

அங்ஙனமாயின், மாடு குறைந்துவரும் காலத்திற் புதுத் திடல்கள் எழுவதேன்? பழைய திடல்கள் மண் நிரவப்பட்டு, வேலியும் மேடையும் பெறுவதேன்?

தீவகத்தார், சிறப்பாகப் புங்குடுதீவாரும் காரைநகராரும், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி தொட்டே தென்னிலங்கை நகரங்களிற் கடை வைத்து வாழ்ந்தவர். மண் தராததைக் கடை தந்தது. அங்கு ஈட்டிய உபரி ஊருக்குத் திரும்பிக் கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று, கல்வீடாயிற்று. சவாரிச் சோடியும் ஆயிற்று. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்கள் அக்கடைகளை எரித்தன. 1991 இன் இடப்பெயர்வு ஊரையே வெறுமையாக்கிற்று. கனடா, சுவிற்சர்லாந்து, பிரான்சு, பிரித்தானியா ஆகிய நாடுகளிற் சிதறியோர் ஊர்ச் சங்கங்கள் அமைத்தனர். கொழும்புக் கடைக்காரன் வகித்த இடத்தை இன்று பாரிசிலோ ரொறன்ரோவிலோ உழைப்பவர் வகிக்கின்றார். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கடைக்காரன் ஆண்டுக்கு இரு முறையேனும் ஊருக்கு வந்து தன் மாட்டுக்குத் தவிடு வைத்தான். புலம்பெயர்ந்தவரால் அது முடியாது. அவரால் அனுப்பக்கூடியது பணம். அப்பணம் சென்று சேர்ந்ததற்கு அவர் காணக்கூடிய சான்று நிழற்படம்.

கிண்ணம், தங்கப் பதக்கம், பணப்பரிசு, பெயர்ப்பலகை பொறித்த மேடை, நாடா வெட்டித் திறக்கப்படும் திடல் என்பன நிழற்படத்தில் வீழ்வன. ஓடாதெனக் கழிக்கப்படும் ஒன்பது கன்றுகளின் மூன்றாண்டுத் தீனி நிழற்படத்தில் வீழ்வதில்லை. ஆகவே பணம் திடலுக்கும் பரிசுக்கும் பாய்கின்றது, பட்டிக்குப் பாய்வதில்லை. பரிசு உயர உயரச் சிறந்த சோடியின் விலை உயர்கின்றது. விலை உயர உயர, சொந்தக் கன்றினைப் பழக்கி ஓட்டிய சிறு கமக்காரன் விலகி, சோடியை விலைகொடுத்து வாங்கக்கூடிய சிலரே எஞ்சுகின்றனர். பயன்பாட்டு மதிப்பாக வாழ்ந்த மாடு இவ்வாறு பரிமாற்று மதிப்பாகவும் பின்னர் வெறும் தகுதிச் சின்னமாகவும் மாறுகின்றது. கர்நாடகக் கரையோரத்துக் கம்பளத்தில் எருமைச் சோடிகளும், கொங்குநாட்டு ரேக்ளாவிற் காங்கேயக் காளைகளும் இதே வழியில் உழவிலிருந்து பிரிந்து செல்வர் பேணும் சோடிகளாவதைக் காணலாம். 

இவ்விடத்திற் சி. சு. செல்லப்பாவின் ‘வாடிவாசல்’ நினைவுக்கு வருகின்றது. அக்குறுநாவலிற் காளை ஜமீன்தாரின் மானத்தைக் கொம்பிற் சுமக்கின்றது; அதனை எதிர்கொள்பவன் சாதாரண மனிதன். தகுதியைச் சுமந்த விலங்கு தோற்றால் அதன் கதி என்ன என்பதை அந்நூல் இரக்கமின்றிக் காட்டுகின்றது. ஈழத்துப் புனைகதையில் நெடுந்தீவின் மீன்பிடி வாழ்வுக்குச் செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’ கிடைத்ததுபோல, தீவகத்துச் சவாரி வாழ்வுக்கு அதற்கிணையான ஒரு நாவல் கிட்டவில்லை. நம் முற்போக்கு எழுத்தாளர் உழைப்பையும் ஒடுக்குமுறையையும் எழுதிய வேகத்தில், உழைப்பாளியின் களிப்பு அவர் கண்ணிற் படாது போயிற்றுப் போலும்.

6

திடல் எவருக்குரியது என்பதும் ஆராயப்பட வேண்டும். தரவை பொதுநிலமென வழங்கினும், ‘பொது’ என்னுஞ் சொல் யாழ்ப்பாணத்தில் எக்காலத்தும் அனைவரையும் உள்ளடக்கியதன்று. பொதுக் கிணற்றில் நீர் அள்ளும் உரிமைக்காகப் புங்குடுதீவில் 1971 இற் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. அதனை நடத்திய மு. தளையசிங்கம் தாக்குதலுக்குள்ளாகி 1973 இல் மறைந்தார். அவரது மெய்யியல் நிலைப்பாட்டோடு நமக்கு உடன்பாடில்லை. மார்க்சியர்மீது அவர் தொடுத்த கண்டனங்களும் யாவரும் அறிந்தவையே. ஆயினும் அத்தீவில் ‘பொது’ என்பதன் பொருளைச் சோதித்துக் காட்டியவர் அவரே என்பதை மறுத்தல் நேர்மையாகாது. 

சவாரியிலும் மாட்டின் உடைமையாளர் ஒருவர், நாள்தோறும் புல் வெட்டிக் குளிப்பாட்டிப் பழக்குபவர் பிறிதொருவர், நாணயக் கயிறு பிடிப்பவர் இன்னொருவர் என்னும் பிரிவினை வளர்ந்துள்ளது. கிண்ணம் வாங்க மேடையேறுபவர் இம்மூவருள் எவர் என்பதை அறிந்துகொள்ள ஆராய்ச்சி தேவையில்லை. பரிசுப்பணம் எவ்வாறு பங்கிடப்படும் என்பதற்கு எழுதிய விதி இருப்பின், அது சவாரிக் கழகங்களின் யாப்பிற் சேர்க்கப்படுதல் நன்று.

மாடு படும் துன்பமும் மறைக்கத்தக்கதன்று. கேட்டியின் நுனியில் ஆணி பொருத்திக் குத்துதல் சவாரிக்குப் பழிதேடித்தந்த வழக்கமாகும். 1907 ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் இந்நாட்டில் நடைமுறையில் உள்ளது; அதற்குப் பயந்தாயினும் இதனை நிறுத்துதல் வேண்டும். தமிழகத்தில் 2014 இல் இந்திய உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டையும் வண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. 2017 இல் எழுந்த மக்கள் போராட்டத்தின் பின் சட்டம் திருத்தப்பட்டு, 2023 மே மாதத்தில் அத்திருத்தம் செல்லுமெனத் தீர்ப்பாயிற்று. அப்போராட்டத்தில் முன்வைக்கப்பட்ட முதன்மையான வாதம், இவ்விளையாட்டுக்கள் நாட்டு இனங்களைக் காக்கின்றன என்பது. அது அரை உண்மை. காளையாக விடப்பட்டுப் பட்டியிற் சேர்க்கப்படும் மாடே இனத்தைக் காக்கும். நலமடிக்கப்பட்ட மாடு எத்துணைக் கிண்ணம் வென்றாலும் அதன் ஓட்டம் அதனோடு முடிந்துவிடும். இவ்வாதத்தை நம்மவரும் எடுத்தாள விரும்பின், பொலிகாளைகளை எவர் பேணுகின்றார் என்னும் வினாவுக்கு விடை கூறவேண்டும்.

நிலத்தின்மீதான நெருக்கடியும் வளர்ந்து வருகின்றது. 2015 இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்று, சூரிய மின் உற்பத்தி நிலையங்களை இந்திய நன்கொடையில் அமைக்க 2024 இல் ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. வேலணைச் சாட்டிக் கடற்கரையையும் காரைநகர்க் கசூரினாவையும் சுற்றுலா நாடுகின்றது. இவற்றை நாம் கண்மூடி எதிர்ப்பவரல்லர். மின்சாரம் தீவகத்தார்க்கு வேண்டியதே. ஆயினும் ஆண்டில் ஐந்து நாள் மாத்திரம் பயன்படும் திடல், ‘வெறுநிலம்’ என எவர் கண்ணிலும் படக்கூடியது. வெறுமையாகக் கிடக்கும் ஆறு திடலை விட, மேய்ச்சலும் பழக்கமும் போட்டியும் நிகழும் மூன்று திடல்களுக்கு உரிமை கோருவது எளிது.

தீவகத்தில் வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர், நெடுந்தீவு என நான்கு பிரதேச சபைகள் உள்ளன. இவற்றின் எல்லைக்குட்பட்ட சவாரிக் கழகங்கள் வலிகாமம் மேற்குக் கழகங்களோடு கூடி, தை பிறக்குமுன்னரே ஒரே நாட்காட்டியை வகுத்தல் முதற் பணி. பெருநாட்கள் சுழற்சி முறையிற் பங்கிடப்பட்டால் ஒரு திடலையும் மூட வேண்டிய தேவை உடனடியாக எழாது. இரண்டாவது பணி கடினமானது. பரிசுக்கென வரும் பணத்தில் ஒரு பங்கினைக் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்தின்மூலம் நாட்டு நாம்பன் கன்றுகளின் வளர்ப்புக்கு ஒதுக்குதல். கழிக்கப்படும் கன்றுகளுக்கு எரு, சிறுதோட்ட உழவு, குறுந்தூரச் சுமை ஆகிய பயன்களை மீட்டெடுத்தல். 2021 இல் இரசாயன உரம் ஒரே நாளிற் போலத் தடைசெய்யப்பட்டபோதும் 2022 இல் எரிபொருள் கிடையாது வரிசையில் நின்றபோதும், எருவினதும் எருதினதும் பெறுமதி கமக்காரனுக்குத் தெரிந்தது. அந்நெருக்கடியிலேயே பிண்ணாக்கின் விலையும் ஏறியமையாற் சோடிகளை விற்றுவிட்டோரும் உளர். எனவே இத்தகைய பட்டிக்குரிய வரவுசெலவை எழுதுவோர் அதன் முதல் வரியிற் பரிசுத்தொகையை எழுதலாகாது. பத்துக் கன்றுக்கும் மூன்றாண்டுக்கு எவ்வளவு தீனி, புல் வெட்டுபவருக்கு நாட்கூலி எவ்வளவு, அதனை எவர் கொடுப்பார், மூன்றாம் ஆண்டின் முடிவிற் கன்று எவருடைய பெயரிற் குறிசுடப்படும் என்பவற்றையே முதலில் எழுதவேண்டும்.